செம்மறிப் பண்ணையில் நரித் தொல்லை: ரைபிள் தோட்டாவைத் தேர்வு செய்வது எப்படி?

ஆஸ்திரேலியாவின் தெற்கு மாநிலங்களில் செம்மறி வளர்ப்போருக்குக் குட்டி ஈனும் பருவம்தான் ஆண்டின் முக்கியமான காலம். அந்த நாட்களில் பண்ணையைச் சுற்றி வரும் செந்நரி, பிறந்து ஓரிரு நாளே ஆன குட்டிகளைத் தூக்கிச் செல்கிறது. இந்த நரி அந்த மண்ணுக்குரிய விலங்கு அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டது, இன்று டாஸ்மேனியா தவிர நாட்டின் பெரும்பகுதியில் பரவியிருக்கிறது. ஆடுகளை மட்டுமன்றி, தரையில் வாழும் சிறிய உள்நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் அழிப்பதால் அரசே இதைத் தீங்குயிரியாக அறிவித்துள்ளது. உரிமம் பெற்ற பண்ணையாளர்கள் இதைச் சுட அனுமதி உண்டு.

அங்கு பண்ணை நடத்துவோருக்கும் வேலை பார்ப்போருக்கும் எழும் முதல் கேள்வி, 'எந்தத் தோட்டா வாங்கலாம்?' என்பதுதான். சிறிய தோட்டாவை எடுத்தால் நரி காயத்தோடு ஓடிப் புதரில் பல நாள் கிடந்து சாகும். தேவைக்கு மேல் பெரியதை எடுத்தால் பக்கத்துப் பண்ணைக்கும் சாலைக்கும் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே சரியானதைத் தேர்வு செய்யும் முறையை இங்கே பார்ப்போம்.

இந்திய வாசகர்கள் கவனத்துக்கு

நம் ஊரில் நரி, குள்ளநரி என்று சொல்லப்படும் விலங்குகள் வேறு. அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைச் சுடுவதும், கண்ணி வைத்துப் பிடிப்பதும், அவுட்டுக்காய் எனப்படும் நாட்டு வெடி வைப்பதும் தண்டனைக்குரிய குற்றம். நம் பகுதியில் ஆடு, கோழிகளைக் காக்க இரவில் மூடிய பட்டி, உறுதியான கம்பி வலை, காவல் நாய் ஆகியவையே வழி. தோட்டா குறித்த கீழ்க்கண்ட விவரங்கள் ஆஸ்திரேலியச் சூழலுக்கு மட்டுமே பொருந்தும்.

முதலில் உறுதி செய்ய வேண்டியது: குட்டியைக் கொன்றது நரியா?

செத்த குட்டியைத் தின்ற நரியும், உயிருள்ள குட்டியைக் கொன்ற நரியும் ஒன்றல்ல. பிறந்த முதல் மூன்று நாட்களில் குட்டிகள் சாவதற்குக் குளிர், பசி, கடினமான பிரசவம், தாய் சேர்த்துக்கொள்ளாமை ஆகியவை பெரிய காரணங்கள். இப்படிச் செத்த குட்டியை நரி தின்றுவிட்டுப் போனால், காலையில் பார்ப்பவருக்கு நரி கொன்றதாகத்தான் தோன்றும். எனவே செத்த குட்டியின் தோலை உரித்துப் பார்க்க வேண்டும்.

- பல் பட்ட இடத்தில் தோலுக்கு அடியில் இரத்தக் கட்டு இருந்தால், கடிபட்டபோது குட்டி உயிரோடு இருந்தது. இரத்தக் கட்டு இல்லையென்றால் செத்த பிறகு கடித்தது.
- வயிற்றில் பால் இருந்தால் குட்டி பால் குடித்து நலமாக இருந்தது.
- குளம்பின் அடியில் உள்ள மென்சவ்வு தேயாமல் இருந்தால், அது எழுந்து நடக்கவே இல்லை.
- நுரையீரல் இளஞ்சிவப்பாக இருந்து, வெட்டிய துண்டு நீரில் மிதந்தால் குட்டி மூச்சு விட்டது. மூழ்கினால் செத்துப் பிறந்தது.

பத்துக் குட்டிகளைப் பார்த்ததில் பெரும்பாலானவை பால் குடிக்காதவை, நடக்காதவை என்றால் ரைபிள் வாங்குவதால் பயனில்லை. சினை ஆடுகளின் தீவனம், காற்றுத் தடுப்பு, இரட்டைக் குட்டி ஈனும் ஆடுகளைத் தனியாகப் பிரிப்பது ஆகியவற்றில்தான் பணத்தைச் செலவிட வேண்டும். பால் குடித்து நடமாடிய குட்டிகள் கடிபட்டுச் செத்திருந்தால், நரிக் கட்டுப்பாட்டை உடனே தொடங்க வேண்டும்.

தோட்டாவின் பெயரைப் புரிந்துகொள்வது

தோட்டா என்பது குண்டு, வெடிமருந்து, பிரைமர், இவற்றைத் தாங்கும் பித்தளைக் கூடு ஆகிய நான்கும் சேர்ந்தது. பெயரில் உள்ள .22, .243 போன்ற எண்கள் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் ஏறத்தாழக் குறிக்கும். எண்ணை மட்டும் பார்த்துச் சக்தியை முடிவு செய்யக் கூடாது. .222 ரெமிங்டன், .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன் ஆகிய மூன்றும் ஒரே 5.69 மி.மீ. விட்டமுள்ள குண்டையே பயன்படுத்துகின்றன. குண்டுக்குப் பின்னால் இருக்கும் மருந்தின் அளவுதான் வேறு. ஒன்றின் தோட்டாவை மற்றொன்றின் ரைபிளில் போடவே கூடாது.

தோட்டாக்களில் இரண்டு வகை உண்டு. கூட்டின் விளிம்பில் அடித்து வெடிப்பது ரிம்ஃபயர். இது சக்தி குறைந்தது, விலை மலிவு. கூட்டின் நடுவில் உள்ள பிரைமரை அடித்து வெடிப்பது சென்டர்ஃபயர். இது சக்தி மிகுந்தது. குண்டின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். 15.4 கிரெயின் சேர்ந்தால் 1 கிராம்.

தேர்வுக்கு முன் மூன்று கேள்விகள்

1. எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறீர்கள்? கோழிக்கூண்டு, ஆட்டுக் கொட்டகைக்கு அருகில் என்றால் 50 முதல் 80 மீட்டர். வேலியோரம், ஓடையோரம் என்றால் 100 முதல் 200 மீட்டர். மரமற்ற பெரிய மேய்ச்சல் நிலம் என்றால் 250 மீட்டருக்கும் மேல். கடையில் நிற்கும்போது அல்ல, உங்கள் நிலத்தில் நின்று இந்தத் தூரத்தை அளந்து பாருங்கள். கண்ணுக்கு 200 மீட்டராகத் தெரிவது பல நேரம் 130 மீட்டராக இருக்கும்.

2. குண்டு எங்கே போய் நிற்கும்? நரிக்குப் பின்னால் மண்மேடு அல்லது குன்றுச் சரிவு இருக்க வேண்டும். சமதளத்தில் தவறிய .22 ரிம்ஃபயர் குண்டுகூட 1.5 கி.மீ. வரை செல்லும். .223 போன்றவை 3 கி.மீ.க்கும் அப்பால் செல்லக்கூடியவை. பின்தடுப்பு இல்லாத இடத்துக்குப் பொருத்தமான தோட்டா என்று எதுவுமே இல்லை. அங்கே சுடக் கூடாது.

3. சுடுபவரின் கை எவ்வளவு உறுதி? நரியின் உடல் ரோமத்தால் பெரிதாகத் தெரிந்தாலும் எடை பெரும்பாலும் 4 முதல் 8 கிலோதான். இதயமும் நுரையீரலும் உள்ள மார்புப் பகுதி சுமார் 10 செ.மீ. அகலம். அதற்குள் குண்டு பட்டால்தான் நரி உடனே சாகும்.

தோட்டா வகைகளும் பொருத்தமான தூரமும்

கீழே உள்ள வேகமும் சக்தியும் குழல் வாயில் அளக்கப்படுபவை. தூரம் செல்லச் செல்ல இரண்டும் குறையும்.

.22 எல்.ஆர்.: 40 கிரெயின் குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 320 முதல் 380 மீட்டர், 140 முதல் 190 ஜூல். பண்ணை வீடுகளில் முயலுக்காக வைத்திருப்பது இதுதான். வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்காகப் பலரும் நரியையும் இதால் சுடுகிறார்கள். காயத்தோடு தப்பும் நரிகள் இதனால்தான் அதிகம். 50 மீட்டரில் சரிசெய்த ரைபிளின் குண்டு 100 மீட்டரில் சுமார் 15 செ.மீ. தாழ்ந்துவிடும். மெதுவாகச் செல்லும் ஈயக் குண்டு கல், கட்டாந்தரையில் பட்டுத் தெறிப்பதும் அதிகம். நரிக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை.

.17 எச்.எம்.ஆர்.: 2002-இல் வந்தது. 17 கிரெயின் குண்டு, நொடிக்கு 777 மீட்டர், சுமார் 330 ஜூல். மிகத் துல்லியமானது. ஆனால் குண்டு 1.1 கிராம் மட்டுமே. மணிக்கு 16 கி.மீ. பக்கக்காற்று இதை 100 மீட்டரில் ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளிவிடும். காற்றில்லாத இரவில், 70-80 மீட்டருக்குள், தேர்ந்த கைக்கு மட்டும் ஏற்றது.

.22 டபிள்யூ.எம்.ஆர். (.22 மேக்னம்): 1959-இல் வந்தது. 40 கிரெயின் குண்டு, நொடிக்கு சுமார் 570 மீட்டர், 430 ஜூல். 100 மீட்டரில் பாதிச் சக்தியே மிஞ்சும். 80 மீட்டருக்குள் நரிக்குப் போதுமானது. கொட்டகைகளும் வீடுகளும் அருகருகே உள்ள சிறிய பண்ணைகளுக்கு இது நல்ல தேர்வு.

.22 ஹார்னெட்: 1930-களிலிருந்து புழங்கும் சிறிய சென்டர்ஃபயர். 45 கிரெயின் குண்டு, நொடிக்கு 820 மீட்டர், ஏறத்தாழ 980 ஜூல். வெடிச்சத்தம் குறைவு. 150 மீட்டர் வரை போதும். தோட்டா எல்லாக் கடைகளிலும் கிடைக்காது என்பது குறை.

.222 ரெமிங்டன்: 1950-இல் வந்தது. 50 கிரெயின் குண்டு, நொடிக்கு 957 மீட்டர், சுமார் 1,480 ஜூல். துல்லியத்துக்குப் பெயர் பெற்றது. 200 மீட்டர் வரை நம்பலாம். பழைய ரைபிள் நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

.223 ரெமிங்டன்: 55 கிரெயின் குண்டு, நொடிக்கு 988 மீட்டர், சுமார் 1,740 ஜூல். 200 மீட்டரிலும் ஏறத்தாழ பாதிச் சக்தி இருக்கும். 250 மீட்டர் வரை நரிக்குப் போதும். தோட்டா எங்கும் கிடைக்கும், சென்டர்ஃபயர் வகைகளில் விலையும் குறைவு. பின்னுதைப்பு மிகக் குறைவு என்பதால், குண்டு எங்கே பட்டது என்பதைச் சுட்டவரே ஸ்கோப்பில் பார்க்க முடியும்.

.204 ரூகர்: 2004-இல் வந்தது. 40 கிரெயின் குண்டு, நொடிக்கு ஏறத்தாழ 1,190 மீட்டர், 1,830 ஜூல். பாதை மிகத் தட்டையானது. தோட்டா வகைகள் .223 அளவுக்குக் கிடைப்பதில்லை.

.22-250 ரெமிங்டன்: 55 கிரெயின் குண்டு, நொடிக்கு 1,120 மீட்டர், 2,240 ஜூல். 300 மீட்டர் வரையான திறந்த வெளிக்கு உகந்தது. சத்தம் அதிகம். தொடர்ந்து வேகமாகச் சுட்டால் குழல் விரைவில் தேயும்.

.243 வின்செஸ்டர்: 1955-இல் வந்தது. 58 முதல் 100 கிரெயின் வரை குண்டுகள் உண்டு. 100 கிரெயின் குண்டின் சக்தி 2,600 ஜூலுக்கும் மேல். காட்டுப்பன்றி, மான் தொல்லையும் உள்ள பண்ணைக்கு ஒரே ரைபிளாக இதை வைத்துக்கொள்ளலாம். நரிக்காக மட்டும் என்றால் இவ்வளவு தேவையில்லை.

பெரும்பாலான செம்மறிப் பண்ணைகளுக்கு .223 போதும். மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கான பதில் வேறுவிதமாக இருந்தால் மட்டுமே மற்றதைத் தேட வேண்டும்.

எந்தக் குண்டு வாங்குவது?

ஒரே தோட்டாவிலும் குண்டின் வகை மாறினால் விளைவு மாறும். நரிக்கு, உடலில் பட்டதும் விரைவாக விரியும் மென்முனைக் குண்டு அல்லது பிளாஸ்டிக் முனைக் குண்டு வாங்க வேண்டும். இது உடலுக்குள்ளேயே சக்தியை இறக்கிவிடும். தரையில் பட்டாலும் பெரும்பாலும் உடைந்துபோவதால், தெறிக்கும் வாய்ப்பு குறையும். முழு உலோக உறை கொண்ட குண்டு ஊசிபோல் துளைத்து வெளியேறிவிடும். நரி காயத்தோடு ஓடும், குண்டும் தொலைவு செல்லும். மலிவாகக் கிடைத்தாலும் இதை நரிக்குப் பயன்படுத்தக் கூடாது.

.223 ரைபிள் வாங்கும்போது குழலின் முறுக்கு அளவைக் கேளுங்கள். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெயின் வரையான குண்டுகள் பொருந்தும். 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 70 கிரெயினுக்குச் சற்றுக் குறைவானவை வரை பொருந்தும். 8 அல்லது 7 என்றால் அதைவிடக் கனமான குண்டுகளும் ஏற்கும். மேலும், 5.56 மி.மீ. ராணுவத் தோட்டா பார்வைக்கு .223 போலவே இருக்கும். .223 என்று மட்டும் பொறிக்கப்பட்ட ரைபிளில் அதைப் போடக் கூடாது.

வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று நிறுவனங்களின் தோட்டாக்களைச் சிறு பெட்டியாக வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ரைபிளும் ஒவ்வொன்றை ஏற்கும். எது நெருக்கமாக விழுகிறதோ அதையே தொடர்ந்து பயன்படுத்துங்கள்.

உங்கள் தூர எல்லையை அறியும் முறை

1. ரைபிளை முதலில் 100 மீட்டரில் சரிசெய்து, பிறகு 200 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். 200 மீட்டருக்குச் சரிசெய்த .223, 100 மீட்டரில் சுமார் 4 செ.மீ. மேலேயும், 300 மீட்டரில் 20 செ.மீ.க்கும் மேல் தாழ்வாகவும் படும்.
2. அட்டையில் 10 செ.மீ. வட்டம் வரைந்து, பண்ணையில் எப்படிச் சுடுவீர்களோ அதே நிலையில், அதாவது வண்டியின் மீது சாய்ந்தோ கவட்டைக் கம்பில் வைத்தோ, ஐந்து குண்டுகள் சுடுங்கள்.
3. ஐந்தும் வட்டத்துக்குள் விழும் மிக அதிகத் தூரம்தான் உங்கள் எல்லை. தோட்டாவின் எல்லை 250 மீட்டராக இருந்தாலும், உங்கள் எல்லை 140 என்றால் 140-இல் நிறுத்திக்கொள்ள வேண்டும்.
4. காற்று வீசும் நாளில் எல்லையைக் குறையுங்கள். மணிக்கு 16 கி.மீ. பக்கக்காற்று .223 குண்டை 200 மீட்டரில் 10 செ.மீ. அளவுக்குத் தள்ளும். அது மார்புப் பகுதியின் முழு அகலம்.
5. வண்டியில் குலுங்கினாலும் கீழே விழுந்தாலும் ஸ்கோப் நகரும். குட்டி ஈனும் பருவம் தொடங்கும் முன் கட்டாயம் மறுபடி சரிபாருங்கள்.

தூரத்தை எட்டுவதற்குப் பெரிய தோட்டா வாங்குவதைவிட, நரியைப் பக்கத்தில் வரவழைப்பது மலிவு. அடிபட்ட முயலின் சத்தத்தை எழுப்பும் தகர விசில் ஆஸ்திரேலியப் பண்ணைகளில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. காற்றுக்கு எதிர்முகமாக அமர்ந்து ஊதினால், பழகாத நரி 50 மீட்டருக்குள் வந்து நிற்பதுண்டு. அப்போது .22 மேக்னமே போதும்.

இரவில் சுடும்போது

நரியைப் பெரும்பாலும் இரவில்தான் சுடுகிறார்கள். விளக்கொளியில் நரியின் கண் பளிச்சிடும். ஆட்டின் கண், காவல் நாயின் கண், பக்கத்து வீட்டுப் பூனையின் கண் எல்லாமே அப்படித்தான் பளிச்சிடும். கண் ஒளியை மட்டும் பார்த்துச் சுடக் கூடாது. காது, உடல், வால் மூன்றும் தெரிய வேண்டும். வெப்பப் படக் கருவியில் வெப்பம் தெரியும், விலங்கு எது என்பது எப்போதும் தெரியாது. பின்னால் இருக்கும் மேட்டையும் வேலியையும் அது தெளிவாகக் காட்டாது. எனவே பகலிலேயே நிலத்தைச் சுற்றி வந்து, எந்தத் திசையில் சுடலாம், எந்தத் திசையில் கூடாது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சுடப்போகும் இரவை அண்டை வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நரி காயத்தோடு ஓடினால் மற்ற நரிகளைத் தேடாமல் அதையே தொடர்ந்து சென்று முடிக்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் நரிகள் குட்டி போட்டிருக்கும். தாய் நரியைச் சுட்டால் குட்டிகள் வளையில் பட்டினியால் சாகும். அதனால் அதற்கு முந்தைய மாதங்களிலேயே கட்டுப்பாட்டுப் பணியை முடிப்பது நல்லது. சுட்ட நரியைப் புதைத்துவிடுங்கள். திறந்த வெளியில் விட்டால் அதைத் தின்னும் கழுகுகளின் உடலில் ஈயத் துகள் சேரும்.

உரிமமும் சட்டமும்

1996-இல் போர்ட் ஆர்தரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, ஆஸ்திரேலியா முழுவதும் துப்பாக்கிச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. உரிமம் பெற உண்மையான காரணம் காட்ட வேண்டும். ஒவ்வொரு துப்பாக்கியும் பதிவு செய்யப்பட வேண்டும். தானியங்கியோ அரைத்தானியங்கியோ அல்லாத ரிம்ஃபயர் ரைபிள் ஏ பிரிவிலும், அதே போன்ற சென்டர்ஃபயர் ரைபிள் பி பிரிவிலும் அடங்கும். ஏ பிரிவு உரிமம் மட்டும் வைத்திருப்பவர் .223 வாங்க முடியாது. துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியிலும், தோட்டாவைத் தனியாகப் பூட்டியும் வைக்க வேண்டும். பண்ணையில் வேலை செய்பவர், முதலாளியின் துப்பாக்கி என்பதற்காக உரிமம் இல்லாமல் எடுத்துச் சுடக் கூடாது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் சற்று மாறும் என்பதால், வாங்கும் முன் அந்தந்த மாநிலக் காவல்துறையின் துப்பாக்கிப் பதிவகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுடுவது மட்டும் போதாது

ஒரு பண்ணையில் மட்டும் நரியைச் சுட்டால், காலியான இடத்துக்குப் பக்கத்து நிலத்து நரி வந்துவிடும். எனவே அக்கம்பக்கத்துப் பண்ணையாளர்கள் சேர்ந்து ஒரே காலத்தில் செய்வதே பலன் தரும். அனுமதி பெற்று வைக்கப்படும் 1080 நச்சு இரை, மரெம்மா இனக் காவல் நாய், மந்தையோடு விடப்படும் அல்பாக்கா, மின்வேலி ஆகியவற்றோடு சேர்த்தே ரைபிளைப் பயன்படுத்த வேண்டும். செத்த ஆடுகளை அப்புறப்படுத்தினால் நரி மந்தைப் பக்கம் வருவதே குறையும்.

சுருக்கமாக

- வீடு, கொட்டகை அருகில், 80 மீட்டருக்குள்: .22 மேக்னம்.
- பொதுவான மேய்ச்சல் நிலம், 200 முதல் 250 மீட்டர் வரை: .223. நல்ல ரைபிள் இருந்தால் .222.
- மரமற்ற பரந்த வெளி, பழகிய கை: .22-250 அல்லது .204.
- பன்றி, மான் தொல்லையும் இருந்தால்: .243.
- .22 எல்.ஆர். முயலுக்கு, நரிக்கு வேண்டாம்.
- பின்தடுப்பு இல்லையென்றால், கையில் எந்தத் தோட்டா இருந்தாலும் சுடாதீர்கள். அந்த நரி மறுநாளும் வரும்.